ஒரு வைத்தியர், பல உயிரியலாளர்



உயர்தர வகுப்பிலே உயிரியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பெறுபேறு வெளிவந்து, மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் வீடே இழவு வீடாகி விடுகின்றது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விலங்கியலோ தாவரவியலோ படிக்கப் போகும் பிள்ளையை, தோற்றுப் போனவரைப் போலப் பார்க்கின்றோம். இது நியாயந்தானா? வைத்தியராக இருந்தும் அதனோடு நின்றுவிடாத ஒருவரின் வாழ்வைக் கேளுங்கள்.

எட்வேர்ட் பிரெடரிக் கெலாட் 1819ஆம் ஆண்டு இலங்கையிலே பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் கற்று, பிரித்தானிய இராணுவ வைத்தியரானார். ஜிப்ரால்டருக்கு அனுப்பப்பட்ட காலத்தில், நோயாளரைப் பார்த்த நேரம் போக, அப்பாறைக்குன்றின் செடிகொடிகளை ஆராய்ந்து 1846இல் நூலொன்றை வெளியிட்டார். தாவரங்களை ஆராய்பவர் தாவரவியலாளர். அவர் முதலில் ஆனது அதுவே.

தாய்நாடு திரும்பியதும் நுவரெலியா மலைகள் அவரை விலங்கியலாளராக்கின. மலைநாட்டுக் கருங்குரங்கையும் நீண்ட நகமுடைய மூஞ்சூறு ஒன்றையும் அறிவியல் உலகுக்கு 1850இல் அறிமுகப்படுத்தியவர் அவரே. முலையூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றைத் தொகுத்து 1852இல் அவர் எழுதிய நூல், இலங்கை விலங்கியலுக்கு ஓர் அடிக்கல்லாகும். இன்று இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வாளர் உண்டு. அன்று எல்லாம் அவர் ஒருவரே.

ஆனால் மிகப் பெரிய பணி கடலிலே காத்திருந்தது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு நம்பிக்கையற்ற தொழில். பார்களிலே நிறைந்திருக்கும் சிப்பிகள் திடீரென மறைந்துபோகும். அப்போது அரசுக்கு வருமானமில்லை, சுழியோடிகளுக்குப் பிழைப்பில்லை. காரணத்தை அறியும் பொறுப்பு கெலாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. திருகோணமலையிலே சிப்பிகளை உயிருடன் வைத்துக் கவனித்தார். சிப்பி பாறையைப் பற்றியுள்ள நாரை விட்டு நகர்ந்து, வேறிடத்திற் புதிதாகப் பற்றிக்கொள்ளும் என்பதைக் கண்டார். சிப்பியினுள் வாழும் புழுக்களுக்கும் முத்து உருவாவதற்கும் தொடர்புண்டு என்றும் கருதினார். எல்லா முத்துக்களுக்கும் அது காரணமன்று எனப் பின்வந்தோர் கண்டனர். எனினும் வழியைத் திறந்தோரில் அவரும் ஒருவர். இவ்வாறு கடல் உயிரியலையும் ஒட்டுண்ணியியலையும் தொட்டார்.

வேலை முடியவில்லை. 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலிலேயே இறந்தார். வயது நாற்பது. ஓடில்லாக் கடல் நத்தைகளைப் பற்றிய அவரது சித்திரங்கள் 1906இலேதான் ஆராய்ந்து எழுதப்பட்டன. இன்று ஒரு தேரையும் ஒரு சில்லைக் குருவியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பெற்றோரே, சிந்தியுங்கள். மருந்து கொடுக்க வைத்தியர் வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் நமது வாவியில் மீனும் இறாலும் ஏன் குறைகின்றன, கரையோரக் கண்டல் மரங்கள் அழிந்தால் என்னவாகும் என்று ஆராய்ந்து சொல்ல யார் வேண்டும்? அந்த விடையை நம்பி ஆயிரம் அடுப்புகள் எரிகின்றன. வந்தாறுமூலைக்குப் போகும் உங்கள் பிள்ளையை முகம் மலர்ந்து வழியனுப்புங்கள்.