கடற்கணக்கர் ஜேம்ஸ் ஹோர்னல்

கோப்பிக் காலத்திலே ஊவாத் தோட்டங்களை நாடி வந்த நம் முன்னோரிற் பலர், மன்னார்க் கரையில் இறங்கியே மலைநாட்டை நோக்கி நடந்தனர். வழியிற் பசியாலும் நோயாலும் மடிந்தோர் எத்தனை பேர் என்னும் வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதே மன்னார்க் கடலிற் பிறப்பையும் இறப்பையும் எண்ணுதற்கென்றே 1902 இல் ஓர் அறிஞர் வந்தார். ஆனால், அவர் எண்ண வந்தது மனிதரையன்று, முத்துச்சிப்பிகளை.

அவ்வறிஞர், 1865 இற் பிறந்த ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் பிரித்தானியர். 1891 க்குப் பின்னர் மன்னாரில் முத்துக்குளிப்பு நடைபெறாமையால், காரணம் ஆராயுமாறு பேராசிரியர் ஹேட்மனை இலங்கை அரசாங்கம் வருவித்தது. அவருக்குத் துணையாக வந்தவரே ஹோர்னல். பேராசிரியர் சில திங்களில் நாடு திரும்ப, இவர் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார்.

1902 மார்ச்சில் பெரிய பார் என்னும் கடற்படுகை இளஞ்சிப்பிகளால் நிறைந்து கிடந்தது. 10,000 கோடிக்குக் குறையாது என மதிப்பிட்டனர். நவம்பரில் ஹோர்னல் மீண்டும் சென்று பார்த்தபோது அவற்றைக் காணவில்லை! தென்மேற்குப் பருவக்காற்றின் கடல் நீரோட்டம் அனைத்தையும் வாரிச் சென்றுவிட்டது. 1880 முதலாக அப்பாரிற் பதினொரு முறையேனும் குஞ்சுகள் நிறைந்தும், ஒரு முறையேனும் முத்துக்குளிப்பு வாய்க்கவில்லை என்பதும் புலனாயிற்று. சிப்பி பயன்தர நான்கைந்து ஆண்டுகள் வளரவேண்டும். கடந்தாலோ மூப்பினால் இறந்துபடும். ஆதலின், குஞ்சுகளைக் காலத்தே வாரிப் பாதுகாப்பான பார்களில் இடுதலே தக்கதெனக் கண்டனர்.

1905 இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றின் விலை 25 இலட்சம் ரூபா. மறு ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907 க்குப் பின் சிப்பிகள் அருகின. குத்தகையும் இடைநடுவில் முறிந்தது. ஓராண்டின் மிகுதியை நிலைத்த செல்வமெனக் கொண்டோர்க்குக் கடல் புகட்டிய பாடம் அது.

பின்னர் ஹோர்னல் சென்னை மாகாண மீன்வளத் துறையிற் பணியேற்று, அதன் தலைவராகி, 1924 இல் ஓய்வு பெற்றார். நாயுடு என்னும் உடனுழைப்பாளருடன் மலையாளக் கரையின் நெய்ச்சாளையை ஆராய்ந்து, அது எப்போது முட்டையிடும், யாது உண்ணும், ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்பவற்றை எழுதினார். ஓராண்டு வலை கிழியப் படுவதும் மற்றோராண்டு மறைந்துபோவதுமான அம்மீனின் கணக்கை அறிய முனைந்த முன்னோடி ஆய்வு அது. சங்கைப் பற்றியும் தோணிகளைப் பற்றியும் அரிய நூல்கள் படைத்த அன்னார், 1949 இல் மறைந்தார்.

தவறணையில் நிற்கும் கன்றுகளை எண்ணிக் கொழுந்தின் நிறையைக் குறித்துவிடும் கணக்கப்பிள்ளை பதுளையில் எந்தத் தோட்டத்திலும் இல்லை. பிறந்தவை எத்தனை என்பதன்று, பிழைத்தவை எத்தனை என்பதே வளத்தின் அளவு. சிப்பிக்காக அரசு எழுதி வைத்த அந்தக் கணக்கை, அதே கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்த மக்களுக்காக எவரேனும் எழுதி வைத்திருப்பின், நம் வரலாறு இத்துணை ஊமையாய் இருந்திராது.