எஃப்.எம் ரேடியோவைத் தந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங்: வால்வின் ரகசியத்தை உடைத்தவர் கோர்ட்டில் தோற்றது எப்படி?

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. வீட்டிலேயே சின்னதாக ஒரு ஆம்ப் செய்து பார்க்கலாம் என்று இறங்குபவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், டிரைவர் வால்வாக எதைப் போடுவது என்பதுதான். போனிலிருந்து வரும் மெலிதான சிக்னலை, ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுக்குத் தேவையான அளவுக்குப் பெரிதாக்கித் தருவதுதான் டிரைவரின் வேலை.

12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கத் திறன் எண் 100. கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது தரும் கரண்ட் குறைவு. பழைய 6எஸ்என்7 வால்வுக்கு அந்த எண் 20தான், ஆனால் அடுத்த வால்வை இயக்கும் தெம்பு அதிகம். இதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு வரைபடம் உண்டு. கிரிட்டில் வோல்டேஜ் மாறினால் பிளேட்டில் கரண்ட் எப்படி மாறும் என்று காட்டும் வளைகோடு அது.

அப்படிப்பட்ட வளைகோட்டை வைத்து, மூன்று முனை வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை 1914-ல் விளக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். அப்போது அவருக்கு வயது 23. பிற்பாடு எஃப்.எம் ரேடியோவை உலகுக்குத் தந்தவரும் இவர்தான். ஆனால் இவருடைய வாழ்க்கையில் ஆய்வகத்துக்கு இருந்த அளவு இடம் நீதிமன்றத்துக்கும் இருந்தது. என்ன நடந்தது?

மாடி அறையில் தொடங்கிய ஆர்வம்

1890 டிசம்பர் 18-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார் ஆம்ஸ்ட்ராங். அப்பா புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், அம்மா ஆசிரியையாக இருந்தவர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தோளும் முகமும் அவ்வப்போது தானாகத் துடிக்கும் பிரச்னை ஏற்பட்டது. இதனால் இரண்டு வருடம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார்.

யாங்கர்ஸ் ஊருக்குக் குடும்பம் மாறிய பிறகு, வீட்டின் மேல்மாடி அறைதான் அவருடைய உலகம். தோட்டத்தில் 125 அடி உயர ஆன்டெனா கம்பம் ஒன்றைத் தானே கட்டினார். பயமே இல்லாமல் அதன் உச்சி வரைக்கும் ஏறுவார். 1909-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தவர், தினமும் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வந்தார்.

கண்டுபிடித்தவருக்கே புரியாத கருவி

மூன்று முனை வால்வை 1906-ல் உருவாக்கியவர் லீ டி ஃபாரஸ்ட். ஆடியான் என்று அதற்குப் பெயர் வைத்தார். சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி பிளேட்டுக்குப் போகும். நடுவில் இருக்கும் கிரிட் ஒரு குழாய்த் திருகு மாதிரி. திருகை லேசாக அசைத்தாலே தண்ணீர் வரத்து ஏகத்துக்கும் மாறுகிற மாதிரி, கிரிட்டில் சின்ன மாற்றம் வந்தாலும் பிளேட்டில் பெரிய மாற்றம் வரும்.

ஆனால் டி ஃபாரஸ்டுக்கே இது சரியாகப் பிடிபடவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் வாயுதான் முக்கியம் என்று நம்பினார்.

1912-ல், கல்லூரி மாணவரான ஆம்ஸ்ட்ராங் ஒரு வேலை செய்தார். பிளேட்டில் வரும் பெரிய சிக்னலில் ஒரு பகுதியைத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தார். அது மறுபடி பெரிதாகி, மறுபடி உள்ளே போய், இன்னும் பெரிதானது. அதுவரை காதில் விழாத தொலைதூர நிலையங்கள் அறை முழுக்கக் கேட்டன. ஒரு கட்டத்தைத் தாண்டினால் வால்வே ரேடியோ அலையை உருவாக்கத் தொடங்கியது. அதாவது, ரிசீவராக இருந்தது டிரான்ஸ்மிட்டராகவும் ஆனது!

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூ என்று ஒரு சத்தம் வருமே, அடிப்படை அதேதான்.

அப்பா தராத பணம், 20 வருட வழக்கு

உடனே காப்புரிமை வாங்க ஆம்ஸ்ட்ராங்கிடம் பணம் இல்லை. முதலில் பட்டம் வாங்கு என்று அப்பா பணம் தர மறுத்துவிட்டார். அதனால் 1913 ஜனவரி 31-ம் தேதி சர்க்யூட் வரைபடத்தை நோட்டரியிடம் கொடுத்துச் சான்று மட்டும் வாங்கி வைத்தார். அந்த வருடம் அக்டோபரில்தான் முறைப்படி விண்ணப்பித்தார். 1914-ல் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் 1912-லேயே இது தன்னிடம் இருந்தது என்று டி ஃபாரஸ்ட் உரிமை கோரினார். டெலிபோன் ஆம்ப்ளிஃபயர் சோதனை ஒன்றில் வால்வு ஊளையிட்டதாக எழுதிவைத்திருந்த குறிப்புதான் அவருடைய ஆதாரம். ஆரம்பத்தில் தீர்ப்புகள் ஆம்ஸ்ட்ராங் பக்கம். பிறகு காற்று மாறியது. 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்கு ஆதரவாக இறுதித் தீர்ப்பு சொன்னது.

சத்தம் யாருக்கு முதலில் கேட்டது என்பது ஒரு கேள்வி. அது ஏன் வருகிறது, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று புரிந்துகொண்டவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இன்ஜினீயர்கள் பலருக்கும் முக்கியமாகப் பட்டது இரண்டாவதுதான்.

அதே வருடம் ரேடியோ இன்ஜினீயர்கள் சங்கத்தின் மாநாட்டுக்குப் போன ஆம்ஸ்ட்ராங், 1917-ல் தனக்குக் கொடுத்த பதக்கத்தைத் திருப்பித் தர முன்வந்தார். சங்கம் வாங்க மறுத்தது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

போர், காதல், கல்யாணப் பரிசு

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்காக பாரிஸில் இருந்த ஆம்ஸ்ட்ராங், 1918-ல் சூப்பர்ஹெட்டரோடைன் முறையை உருவாக்கினார். எந்த அலைவரிசை வந்தாலும் அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றி, அங்கே வைத்துப் பெரிதாக்குவதுதான் ஐடியா. பின்னாளில் வந்த ரேடியோ, டிவி பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் ஓடின.

காப்புரிமைகளை விற்றதில் கோடீஸ்வரர் ஆனார். ஆர்.சி.ஏ நிறுவனத்துக்கு இன்னொரு சர்க்யூட்டைக் கொடுத்து, அதன் பங்குகளைப் பெருமளவில் வாங்கினார். ஆர்.சி.ஏ-வின் முக்கிய அதிகாரி டேவிட் சர்னாஃப் அவருடைய நண்பர். சர்னாஃபின் செயலாளர் மேரியன் மேல்தான் ஆம்ஸ்ட்ராங்குக்குக் காதல். 1923-ல் ஆர்.சி.ஏ-வின் ஆன்டெனா கோபுர உச்சியில் ஏறி நின்று போட்டோ எடுத்து மேரியனுக்கு அனுப்பினார். சர்னாஃப் கடுப்பாகி, இனி கோபுரப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார். அந்த டிசம்பரில் கல்யாணம். மேரியனுக்குப் பரிசு, கையில் தூக்கிச் செல்லும் சூப்பர்ஹெட்டரோடைன் ரேடியோ!

நண்பரே எதிரியான கதை

ஏ.எம் ரேடியோவில் அலையின் உயரம்தான் ஒலிக்கேற்ப மாறும். இடி மின்னலும் மோட்டார்களும் கெடுப்பதும் அதே உயரத்தைத்தான். அதனால்தான் கரகரப்பு. ஆம்ஸ்ட்ராங் உயரத்தை விட்டுவிட்டு, அலையின் அதிர்வெண்ணை மாற்றினார். ரிசீவரில் உயர வித்தியாசங்களை வெட்டி எறிந்துவிட்டால் இரைச்சலும் போய்விடும். 1933 டிசம்பரில் இதற்கான காப்புரிமைகள் கிடைத்தன. இதுதான் எஃப்.எம்.

ஆர்.சி.ஏ அவரை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனை செய்ய அனுமதித்தது. பிறகு 1935-ல் கருவிகளை எடுத்துச் செல்லச் சொல்லிவிட்டது. ஏ.எம் நிலையங்களிலும் ரேடியோ பெட்டிகளிலும்தான் அந்த நிறுவனத்தின் வருமானம். புதிய முதலீடு எல்லாம் டிவி பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆம்ஸ்ட்ராங் விடவில்லை. அதே வருடம் நவம்பரில் இன்ஜினீயர்கள் முன்பு நேரடியாகச் செய்து காட்டினார். யாங்கர்ஸில் ஒரு நண்பர் வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம்கூட நியூயார்க் அரங்கில் துல்லியமாகக் கேட்டது. பிறகு சொந்தச் செலவில் நியூஜெர்சியின் ஆல்பைனில் 400 அடிக்கு மேல் உயரமுள்ள கோபுரம் கட்டி, எஃப்.எம் ஒலிபரப்பைத் தொடங்கினார்.

1940-ல் ராயல்டி கிடையாது, மொத்தமாக 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது ஆர்.சி.ஏ. மற்ற நிறுவனங்கள் ராயல்டி கட்டும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று ஆம்ஸ்ட்ராங் மறுத்தார். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்திடம் அவர் ராயல்டியே கேட்கவில்லை.

1945-ல் அடுத்த அடி. எஃப்.எம் அலைவரிசையை அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் 88-108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. பழைய அலைவரிசையில் குறுக்கீடு வரும் என்று காரணம் சொன்னது. மக்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய எஃப்.எம் பெட்டிகள் பயனில்லாமல் போயின.

கடைசி வழக்கு

1948-ல் ஆர்.சி.ஏ மீது வழக்குப் போட்டார் ஆம்ஸ்ட்ராங். விசாரணைக்கு முந்தைய கேள்விகளே வருடக்கணக்கில் இழுத்தன. 1950-ல் எஃப்.எம்மின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகின. கையிருப்பு கரைந்தது. 1953 நவம்பரில், மேரியனிடம் இருந்த பணத்தைக் கேட்டு எழுந்த சண்டையில், ஆத்திரத்தில் அவரை அடித்துவிட்டார். மேரியன் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். 1954 ஜனவரி 31-ம் தேதி இரவு, மனைவியிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிவைத்துவிட்டு, தன் வாழ்க்கையை முடித்துக்கொண்டார் ஆம்ஸ்ட்ராங். வயது 63.

கதை அங்கே முடியவில்லை. வழக்குகளை மேரியன் கையிலெடுத்தார். அதே வருட இறுதியில் ஆர்.சி.ஏ 10 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து சமரசம் செய்தது. மற்ற நிறுவனங்களையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். கடைசியாக மோட்டோரோலாவுக்கு எதிரான வழக்கு 1967-ல் முடிந்தபோது, எஃப்.எம்மைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்திலும் பதில் கிடைத்துவிட்டது. கணவர் இறந்து 13 வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தியாவில் எஃப்.எம் ஒலிபரப்பு முதலில் தொடங்கியது நம்ம சென்னையில்தான், 1977 ஜூலை 23-ம் தேதி. ஆல்பைன் கோபுரமும் வீணாகவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையத்தின் மேலிருந்த ஆன்டெனாக்கள் அழிந்தபோது, நியூயார்க் டிவி நிலையங்கள் சிலவற்றுக்குக் கைகொடுத்தது ஆம்ஸ்ட்ராங் தன் காசில் கட்டிய அந்தக் கோபுரம்தான்.

*(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தம் இருந்தால் தமிழக அரசின் 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணை அழைத்துப் பேசலாம்.)*