புரூஸ் லீ: சட்டம் வருமுன் வந்த வீரன்

போதைப்பொருள் கும்பலின் தடயங்களைத் துப்பறிந்து சேர்ப்பதும், இறுதியில் வெறுங்கையாலேயே அக்கும்பலை வீழ்த்துவதும் இன்று உலகெங்கும் சண்டைப் படங்களின் வாடிக்கையான கதையாகிவிட்டன. இக்கதையை உலகத் திரையரங்குகள் அனைத்துக்கும் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் புரூஸ் லீ. நாயகனாக அவர் முடித்துக் கொடுத்த சண்டைப் படங்கள் நான்கே. 1973 யூலை 20 ஆம் திகதி தமது 32 ஆவது வயதில் அவர் மறைந்தார். எனினும், அந்தச் சில படங்களுக்குள் தம் மக்களின் நெடுநாள் வேதனை ஒன்றை அவர் பதிவு செய்துவிட்டுச் சென்றார்.

கன்டனீஸ் இசை நாடக நடிகரான லீ ஹோய் சுவென் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த வேளையில், 1940 நவம்பர் 27 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் புரூஸ் லீ பிறந்தார். அடுத்த ஆண்டே குடும்பம் ஹொங்கொங் திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் யப்பானியப் படைகள் அந்நகரைக் கைப்பற்றின. 1945 வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்பின் கீழேயே குழந்தையின் முதல் ஆண்டுகள் கழிந்தன.

ஹொங்கொங்கின் வரலாறே அபினோடு பிணைந்தது. அபின் யுத்தத்தில் சீனா தோல்வியுற்றதன் விளைவாக, 1842 இல் பிரித்தானியாவின் கைக்குச் சென்ற மண் அது. அபின் பழக்கம் செல்வர் மாளிகைகளையும் ஏழையர் குடிசைகளையும் ஒருசேரப் பீடித்திருந்தது. புரூஸ் லீயின் தந்தையும் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தார் என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். பிற்காலத்தில் திரையில் அவர் எதிர்த்து நின்ற நஞ்சு, அவருடைய இல்லத்துக்கு அந்நியமானதன்று.

1949 இல் சீனாவில் ஆட்சி மாறியபோது இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து ஹொங்கொங்கில் தஞ்சம் புகுந்தனர். பொஷான் நகரைச் சேர்ந்த இப் மான் என்பவரும் அக்காலத்திலேயே ஊரை விட்டு வந்தார். வாழ்வாதாரம் இழந்த அவர், தாம் கற்றிருந்த விங் சுன் என்னும் தற்காப்புக் கலையைக் கற்பித்துப் பிழைத்தார். அவரிடமே இளம் புரூஸ் லீ மாணவராகச் சேர்ந்தார். குழந்தை நட்சத்திரமாகப் பல படங்களில் நடித்திருந்த அவ்விளைஞர், தெருச் சண்டைகளாலும் பெயர் பெற்றார். பொலிஸாரின் பார்வை மகன்மீது விழுவதைக் கண்ட பெற்றோர், 1959 இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தனர். அப்போது அவருக்கு வயது 18. கையில் இருந்தது 100 டொலர்.

சியாட்டில் நகரில் உணவகமொன்றில் பணிபுரிந்தவாறே கல்வியைத் தொடர்ந்த அவர், 1961 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீனர் அல்லாதோருக்கும் தம் கலையைத் தயக்கமின்றிக் கற்பித்தார். 1964 இல் லிண்டா எமரியை மணந்தார். 1966 இல் தொடங்கிய கிறீன் ஹோர்னெட் தொலைக்காட்சித் தொடரில் காட்டோ என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. அதுவும் நாயகனின் உதவியாளன் பாத்திரமே. சீன முகம் கொண்ட ஒருவரை நாயகனாக ஏற்க ஹொலிவூட் தயங்கியது. குங் பூ என்ற பெயரில் 1972 இல் வெளிவந்த தொடரின் முதன்மைப் பாத்திரம்கூட வெள்ளையரான டேவிட் கரடைனுக்கே சென்றது.

புறக்கணித்த நாட்டைவிட்டு அவர் ஆசியாவுக்குத் திரும்பினார். கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்காகத் தாய்லாந்தில் எடுக்கப்பட்ட பிக் பொஸ், 1971 ஒக்டோபர் இறுதியில் வெளியாகி, ஹொங்கொங்கின் வசூல் சாதனைகளை முறியடித்தது. பிழைப்புத் தேடித் தாய்லாந்து சென்று, உறவினரோடு பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் சீன இளைஞனின் கதை அது. உடைந்த பனிக்கட்டி ஒன்றினுள் போதைப்பொருள் இருப்பதைக் காணும் தொழிலாளர் இருவர், இலஞ்சத்தை மறுத்ததால் கொல்லப்படுகின்றனர். அவர்களைத் தேடிச் செல்வோரும் மீளவில்லை. சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்த நாயகன், படத்தின் கணிசமான பகுதியில் கைகட்டியே நிற்கிறான். அவன் வாக்கு உடைந்த பின்னர், உறவினர் அனைவரையும் ஏறத்தாழ இழந்துவிடுகிறான். இறுதியில் பொலிஸார் வருகின்றனர்; விலங்கிடப்படுபவன் அவனே.

அந்நிய நாட்டில் உழைக்கும் ஏழையொருவன் காணாமற் போனால் யார் தேடுவர் என்ற கேள்வியே அப்படத்தின் உயிர்நாடி. ஊர் பெயர்ந்து வாழும் எம்மவர்க்கு அக்கேள்வியை விளக்கத் தேவையில்லை.

1973 இன் முற்பகுதியில் ஹொங்கொங்கில் எடுக்கப்பட்ட என்டர் த டிராகன் படத்திலேயே அவர் முதன்முறையாகச் சட்டத்தின் சார்பில் துப்பறியும் நாயகனானார். தனித் தீவொன்றை ஆளும் ஹான் என்பவனின் போதைப்பொருள் தொழிலுக்குச் சான்று தேடுமாறு பிரித்தானிய உளவுத்துறை அவரை அனுப்புகிறது. இரவில் நிலவறைகளுக்குள் புகுந்து சான்றைக் கண்டெடுக்கிறார், போரும் முடிகிறது. அதன் பின்னரே படையினரின் ஹெலிகொப்டர்கள் வந்து சேர்கின்றன. இங்கும் சட்டம் காலம் தாழ்த்தியே வருகிறது.

இது வெறும் கற்பனையன்று. அக்கால ஹொங்கொங்கில் போதைப்பொருள் விற்போரிடமும் சூதாட்டம் நடத்துவோரிடமும் பொலிஸார் கையூட்டுப் பெறுவது வழமையாகிவிட்டிருந்தது. 1973 யூன் மாதத்தில், ஊழல் விசாரணைக்குள்ளான உயர் பொலிஸ் அதிகாரி பீற்றர் கோட்பர் நாட்டைவிட்டே தப்பியோடினார். மக்கள் வீதியில் இறங்கினர். 1974 இல் ஊழலுக்கு எதிரான சுயாதீன ஆணைக்குழு உருவானது. திரையில் அந்தத் தனி மனிதனுக்கு எழுந்த கரவொலியில், காவலர்மீது நம்பிக்கை இழந்த மக்களின் குரலும் கலந்திருந்தது.

அப்படம் அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்னரே அவர் மூளை வீக்கத்தால் மரணமானார். உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தமை மரண விசாரணையில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. எனினும் தலைவலிக்காக உட்கொண்ட மாத்திரை உடலுக்கு ஒவ்வாமற் போயிருக்கலாம் என்ற மருத்துவக் கருத்தே மேலோங்கியது. விபத்து மரணம் என்றே தீர்ப்பளிக்கப்பட்டது. திரைவீரனும் மனித உடல் கொண்டவனே என்பதை உலகம் உணர்ந்தது.

அவரது படங்களில் சண்டைக் கலைஞராகப் பணியாற்றிய ஜாக்கி சான், 1985 இல் பொலிஸ் ஸ்டோரி படத்தில் போதைப்பொருள் மன்னனை எதிர்க்கும் காவல் அதிகாரியாகவே தோன்றினார். புரூஸ் லீயின் மகன் பிரண்டன், 1992 இல் ரபிட் பயர் படத்தில் போதைக் கும்பலுக்கும் பொலிஸாருக்கும் இடையே சிக்கிய மாணவனாக நடித்தார். 1993 மார்ச் 31 இல், படப்பிடிப்புத் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டுத் துண்டு அவரது உயிரையும் பறித்தது. தந்தையும் மகனும் சியாட்டில் மயானத்தில் அருகருகே உறங்குகின்றனர்.

2005 இல், போரால் பிளவுண்ட பொஸ்னிய நகரான மொஸ்டாரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. எதிரெதிர் அணிகளில் நின்ற இனத்தவர் அனைவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நாயகனாக அவரையே அங்குள்ளோர் கண்டனர். நீதி தாமதமாகும் இடங்களிலெல்லாம், அது வரும்வரை தளராது நிற்கும் ஒருவனை மக்கள் தேடுகின்றனர். அந்தத் தேடலுக்கு ஒரு முகம் தந்தவர் புரூஸ் லீ.