கதர் அணிந்ததால் பட்டம் போனது



சர்க்கரை நோயோ புற்றுநோயோ, எதைப் பற்றிப் பேசினாலும் இன்றைய டாக்டர்கள் செல்லுக்குள் ஓடும் சிக்னலைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தச் சிக்னலுக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம மெட்ராஸில் படிச்சவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அங்கியைக்கூடக் கதரில் அணிந்தார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற கீழ்நிலைச் சான்றிதழ்தான் கிடைத்தது. கைத்தறித் துணிக்காக ஒருத்தர் பட்டத்தையே இழந்தார் என்றால், தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்க தேசூர்க்காரர்களுக்கு மனசு சும்மா இருக்குமா?

உடன்பிறந்தவர் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர், மருந்து தேடி அமெரிக்கா போனார். பாஸ்டனில் வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலப் பாத்திரம் கழுவினார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929-ல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி. என்ன செய்கிறது? பட்டுத் தறியில் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. செல்லிலும் அப்படித்தான். கைனேஸ் எனும் புரதங்கள் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டும். அது வேலையைத் தொடங்கும் அல்லது நிறுத்தும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த கிரெப்ஸ், ஃபிஷர் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினை வாங்கிக்கொள்ளும் புரதமும் ஒரு கைனேஸ்தான். அதன் சிக்னல் சரியாகப் போய்ச் சேராவிட்டால் சர்க்கரை ஏறும். ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் கோளாறான ஒரு கைனேஸ் நிற்காமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேலே தூக்கிய இழை கீழே இறங்காத மாதிரி.

1940-ல் சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். அவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதைச் சற்று மாற்றிச் செய்த மருந்துகளை டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, முதன்முறையாக நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த வரிசையில் வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கு நம்ம ஊர்களில் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் ஆய்வகத்தில் பிறந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார். ஊரில் விட்டுப்போன மனைவியைப் பார்க்க அவர் திரும்பி வரவேயில்லை. இந்திய அரசு 1995-ல் தபால்தலை வெளியிட்டது.

2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து, அந்தக் கோளாறான கைனேஸில் ஏ.டி.பி. உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. அந்த மாத்திரையால் இன்று உயிரோடு இருப்பவர்களில் எத்தனை பேருக்கு சுப்பாராவ் பெயர் தெரியும்? நம்ம பிள்ளைகளுக்காவது சொல்லி வைப்போம்.