தனித்து ஒலித்த குரல்

தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எங்கள் பாகலூரில், விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கியில் கே.பி. சுந்தராம்பாள் பாடினால் என் அன்னை சற்றே நிற்பார். பின்பு கூடையுடன் ரோஜாத் தோட்டத்துக்கு நடப்பார்.

1908-இல் கொடுமுடியில் வறுமையில் பிறந்தவர் அம்மையார். சிறுமியாய் இரயிலில் பாடிப் பிழைத்தார். நாடக மேடையில் கிட்டப்பாவுடன் பாடிப் புகழ்பெற்று, அவரையே மணந்தார். 1933-இல் கணவர் மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெண்புடவை உடுத்தி ஒதுங்கினார். ஆயினும் அக்குரல் ஓயவில்லை. தனித்தே பாடினார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடமேற்று இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். 1953-இல் 'ஔவையார்' ஆனார். 1980-இல் மறைந்தார்.

தந்தையை இழந்த என்னை, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக்க உழைக்கும் அன்னை, அப்பாட்டில் எதைக் கேட்கிறார் என்பது இன்று எனக்குப் புரிகிறது.