சுதேசிக் கப்பலும் சிதம்பரம்பிள்ளையும்

பதுளைத் தோட்டங்களில் வாழும் எம்மவர் பலரின் முன்னோர் இலங்கைக்கு வந்த வழிகளுள் தூத்துக்குடி - கொழும்புக் கடல்வழியும் ஒன்று. அவர்கள் கொடுத்த கப்பற் கட்டணம் யாருடைய பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் ஆங்கிலக் கடலோடிகளின் கதைகளை விரும்பிப் படித்தோம். தூத்துக்குடிக் கப்பலின் கதையையோ மன்றத்துப் பெரியவர்களிடமே கேட்டறிந்தோம்.

வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் 1872 செப்டெம்பர் 5 இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். வக்கீலாகித் தூத்துக்குடியில் தொழில் நடத்தினார். அந்நாளில் அக்கடல்வழி பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனியின் கையில் இருந்தது. தமிழ் வியாபாரி சரக்கனுப்பினாலும் ஏழைத் தொழிலாளி பயணம் செய்தாலும் இலாபம் வெளிநாட்டு முதலாளிக்கே. கப்பல் உள்ளூராருடையதானால் அப்பணம் பங்குதாரர் வீட்டிலும் தூத்துக்குடிக் கடைவீதியிலும் மீண்டும் புழங்குமன்றோ? இதுவே அன்னார் போட்ட கணக்கு.

1906 அக்டோபர் 16 இல் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபா. 25 ரூபாவாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் பம்பாயிலிருந்து வாடகைக்குக் கப்பல் பெற்றனர்; எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அது கைநழுவிற்று. அவ்வேளை ஒரு கப்பலை வாடகைக்குக் கொடுத்துதவியது கொழும்பு என்பதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு. 1907 இல் காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்களே வந்து சேர்ந்தன.

பின்பு கட்டணப் போர் மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிரியோ இலவசப் பயணத்துடன் ஒரு குடையும் தருவதாகக் கூறினான் என்பர்! குடைக்கு ஆசைப்பட்ட ஏழையை நாம் குறைகூற மாட்டோம். அவனுக்கு எட்டணாவும் பெருந்தொகையே. ஆயினும் பல கடல்களில் கப்பலோட்டும் கம்பெனி இங்கு இழப்பதை வேறிடத்தில் ஈட்டிக்கொள்ளும். ஒரே வழியை நம்பிய கம்பெனி என் செய்யும்? போட்டிக்கு ஆளில்லாமற் போனபின் கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

எம்மூர்க் கடைவீதியிலும் இக்கேள்வி உண்டு. வெலிமடை விவசாயியிடம் மரக்கறி வாங்கி, சம்பள நாள்வரை தோட்டத்துக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்கும் சிறு கடைக்காரர் சிறிது கூட்டி விற்றால் முணுமுணுக்கிறோம். அவருக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு விவசாயிக்கும் வண்டிக்காரருக்கும் கடைப் பையனுக்கும் பிரிந்து ஊருக்குள்ளேயே நிற்பதை நாம் கணக்கிற் சேர்ப்பதில்லை.

1908 மார்ச் 12 இல் பிள்ளையவர்கள் கைதானார். நாற்பது ஆண்டுத் தண்டனை மேல் முறையீட்டிற் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். தலைவர் உள்ளே கிடக்க, பங்குதாரர் மனம் தளர்ந்தனர். 1911 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எதிர்க் கம்பெனிக்கே விற்கப்பட்டதாம். 1912 டிசெம்பரில் விடுதலையானவர், வக்கீல் சன்னதும் பறிபோன நிலையில், சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். சன்னது பின்னர் மீண்டது, கப்பல்கள் மீளவில்லை. 1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடியிலேயே காலமானார்.