புகைபோக்கியிலிருந்து இமயத்துக்கு



மலை ஏறினவங்க என்றால் நமக்கு டென்சிங், ஹில்லாரி இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் எழுத வந்தது போலந்துக்காரர் யெஜி குகுச்காவைப் பற்றி. 1948-ல் காட்டோவிட்சே நகரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையுமாக இருந்த ஊர் அது.

அந்தக் காலத்தில் போலந்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பயணச் செலவுக்காகக் குகுச்காவும் நண்பர்களும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு எங்க அப்பா முகம்தான் வந்தது. அவரும் பெயிண்டர். நாலு மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கி அடிச்ச காசுலதான் எனக்கு மினி டிராஃப்டர் வாங்கித் தந்தார். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

உலகில் 8000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் 14. எல்லாவற்றையும் முதலில் முடித்தவர் இத்தாலியின் மெஸ்னர், 1986-ல். குகுச்கா 1987-ல் முடித்து இரண்டாமவர் ஆனார். இரண்டாம் இடம்தானே என்று நினைக்காதீங்க. மெஸ்னருக்கு 16 வருடம் பிடித்தது, இவருக்கு 8 வருடம்கூட ஆகவில்லை. அதிலும் நான்கு சிகரங்கள் குளிர்காலத்தில்!

குளிர்காலம் என்றால் சும்மா இல்லை. ஆளைத் தூக்கி எறியும் ஜெட் காற்று சிகரத்தின் மேலேயே அடிக்கும். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். காற்றழுத்தமும் குறைவதால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கோடைகாலத்தைவிடக் குறைவு. பகலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

1985 ஜனவரி 21-ல் ஆன்ஜெய் சோக் என்பவரோடு தவுளகிரி உச்சியைத் தொட்டார். குளிர்காலத்தில் அங்கே ஏறிய முதல் மனிதர்கள் இவர்கள். இறங்கும்போது இருட்டிவிட்டது. கூடாரம் இல்லாமல் திறந்த வெளியில் இரவைக் கழித்தார்கள். வேறு யாராவது என்றால் நேரே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் சோ ஓயுவுக்குப் போய் பிப்ரவரி 15-ல் அதன் உச்சியிலும் நின்றார்.

1986 ஜனவரியில் வியெலிட்ஸ்கியோடு கஞ்சன்ஜங்கா. அதே பயணத்தில்தான் சோக் நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். அந்த ஜூலையில் கே2-விலிருந்து இறங்கும்போது இன்னொரு துணைவரும் விழுந்து போனார். ஆனாலும் 1987 பிப்ரவரியில் அன்னபூர்ணா. இந்த இடம் எனக்கு இன்னும் புரியவில்லை. தைரியமா, பிடிவாதமா? பிடிவாதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

14-ம் முடிந்த பிறகும் அவர் உட்காரவில்லை. அதுவரை யாரும் ஏறியிராத லோட்சே தெற்குச் சுவருக்குப் போனார். 1989 அக்டோபர் 24, சுமார் 8200 மீட்டர் உயரத்தில் கால் வழுக்கியது. கயிறு அறுந்தது. அது காட்மாண்டு கடைத்தெருவில் வாங்கிய 6 மி.மீ. பழைய கயிறு.

நாம படிக்கிற ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்க. 11 மி.மீ. கயிற்றின் குறுக்குவெட்டுப் பரப்பு 95 சதுர மி.மீ. 6 மி.மீ. கயிற்றுக்கு 28-தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பழசு. மேலிருந்து விழும் ஆளின் வேகத்தை அது எப்படித் தாங்கும்?

இதை அப்பாவிடம் சொன்னேன். மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கயிறு எத்தனை வருஷத்துப் பழசு என்று மட்டும் கேட்டார்.